நாற்பதாம் நாள்

லண்டனில் ஒரு பெண் கர்ப்பமானால், பிரசவம் பார்க்கும் தாதியான மிட்வைஃபோடு அவளுக்கு அமையும் முதல் சந்திப்பை ‘புக்கிங்’ என்பார்கள். கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் பிடிக்கும். எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலைக் கம்ப்யூட்டரில் பதிவது என் வேலை. கடைசி மாதவிலக்கு எப்போது, வீட்டில் யாருக்காவது சர்க்கரை வியாதி உண்டா, சிகரெட் பழக்கம் உண்டா, கணவர் கை நீட்டுகிறாரா. அந்த வரிசையில் பாதி தாண்டியதும் ஒரு கேள்வி வரும். உங்கள் பிறப்புறுப்பில் யாராவது வெட்டியிருக்கிறார்களா, தைத்திருக்கிறார்களா?

பெண் உறுப்புச் சிதைப்பு, ஆங்கிலச் சுருக்கத்தில் எஃப்ஜிஎம். எல்லாரிடமும் இதைக் கேட்க வேண்டும் என்பது விதி. நிறத்தைப் பார்த்து, முக்காட்டைப் பார்த்து ஆள் பிரித்துக் கேட்கக் கூடாது. ஆரம்ப வருஷங்களில் நான் இதைக் கேட்ட விதத்தை நினைத்தால் இப்போதும் மனசு குத்துகிறது. கண்ணைத் திரையிலேயே வைத்துக்கொண்டு, “எஃப்ஜிஎம் எதுவும் இல்லைதானே?” என்பேன். “இல்லை” என்பார்கள். கட்டத்தில் ஒரு கிளிக். அடுத்த கேள்வி.

அப்படி “இல்லை” சொன்ன ஒருத்தியை ஏழு மாதம் கழித்துப் பிரசவ அறையில் பார்த்தேன். சோமாலியப் பெண், தலைப்பிரசவம். (இங்கே நான் எழுதும் பெண்களின் அடையாளங்களை எல்லாம் மாற்றியிருக்கிறேன்.) இரவு இரண்டு மணி இருக்கும். வலி நெருக்கி நெருக்கி வருகிறது. உள்பரிசோதனை செய்யக் கையுறை மாட்டிக்கொண்டு போனேன். வாசல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ஒரு தழும்பு. கீழே, சுண்டுவிரல் நுனிகூட நுழையாத ஒரு துளை. அவ்வளவுதான். அந்தத் துளை வழியாகத்தான் அவளுடைய சிறுநீரும் மாதவிலக்கும் இத்தனை வருஷம் வெளியே வந்திருக்கின்றன.

டொக்டர் வந்து, மரக்க ஊசி போட்டு, தழும்பை மேல்நோக்கி நறுக்கித் திறந்தார். விடியும் முன் பிள்ளை பிறந்தது. பெண் குழந்தை. இருவரும் நல்லபடியாக இருந்தார்கள். ஆனால் இந்தத் திறப்பை ஐந்தாம் மாதத்திலேயே, பகல் வெளிச்சத்தில், ஆற அமரச் செய்திருக்கலாம். அவளுக்கு முன்கூட்டியே எல்லாம் விளக்கியிருக்கலாம். புக்கிங் அன்று நான் தலையை நிமிர்த்திக் கேட்டிருந்தால் அது நடந்திருக்கும். அவள் பொய் சொல்லவில்லை. ‘எஃப்ஜிஎம்’ என்ற மூன்றெழுத்து அவள் கேள்விப்படாத சொல். அவளுடைய மொழியில் அது ‘குத்னீன்’.

குழந்தையைத் துடைத்து நெஞ்சில் கிடத்திய பிறகு அவள் போன் மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்ட முதல் விஷயம்: “முன்பு இருந்த மாதிரியே தைத்துவிடுவீர்கள்தானே?” இந்த நாட்டுச் சட்டப்படி அது குற்றம், எங்களால் முடியாது என்றேன். அவள் அழத் தொடங்கினாள். பிரசவ வலியிலும் அப்படி அழவில்லை. திறந்த உடம்போடு மாமியார் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டாள். கதவோரம் நின்ற கணவன் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அவள் சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். மொழிபெயர்ப்பாளரும் சில நொடி பேசவில்லை. அப்புறம் சொன்னார்: “அவர் தனக்கு இது ஒருபோதும் வேண்டியிருக்கவில்லை என்கிறார். கல்யாணமாகி மூன்று வருஷம், நீ இதை என்னிடம் சொன்னதே இல்லையே என்கிறாள் அவள்.”

அந்த அறையில் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் நான் கண்டதைத்தான் பிறகு படித்த எல்லாவற்றிலும் திரும்பத் திரும்பக் கண்டேன். ஆளுக்கு ஆள் தனியாகக் கேட்டால் வேண்டாம் என்கிறார்கள். ஊருக்கு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள். பெண் உறுப்புச் சிதைப்பு பெரும்பாலும் இந்த மௌனத்தின் மேல்தான் நிற்கிறது.

மறுநாள் காலை அவள் கழிவறைக்குப் போய்விட்டுத் திகைத்த முகத்தோடு வந்தாள். என்ன என்றேன். கையால் சைகை காட்டினாள்: தண்ணீர் விழுகிற சத்தம். அதுவரை அவளுக்குச் சிறுநீர் கழிக்கக் கால் மணி நேரம் ஆகுமாம், சொட்டுச் சொட்டாக. எல்லாப் பெண்களுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருக்கிறாள்.

உலக சுகாதார நிறுவனம் இதை நான்கு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் பெண்குறிக் காம்பை, அல்லது அதை மூடியிருக்கும் தோலை வெட்டுவார்கள். இரண்டாவதில் உள்ளிதழ்களும் போகும். மூன்றாவதுதான் நான் பார்த்தது, வெட்டி ஒட்டவைத்து மூடிவிடுவது. நான்காவதில் குத்துவது, கீறுவது, சுடுவது என்று மற்ற எல்லாம் அடங்கும். எந்த வகையாலும் உடம்புக்கு ஒரு நன்மையும் கிடையாது. ரத்தப்போக்கு, கிருமித்தொற்று, வலி, பிள்ளைப்பேற்றில் சிக்கல், சில நேரம் உயிரே போவது. இவைதான் மிஞ்சும். பெரும்பாலும் பிறந்த சில நாளிலிருந்து பதினைந்து வயதுக்குள் செய்கிறார்கள். யுனிசெஃப் 2024 மார்ச்சில் வெளியிட்ட கணக்கின்படி இன்று உயிரோடு இருக்கும் பெண்களில் 23 கோடிக்கு மேற்பட்டோர் இப்படி வெட்டப்பட்டவர்கள். ஆப்பிரிக்காவில் 14 கோடிக்கு மேல், ஆசியாவில் 8 கோடி, மத்திய கிழக்கில் 60 லட்சம்.

ஆசியாவில் 8 கோடி என்ற எண்ணை நான் முதலில் கவனிக்காமலே தாண்டிப் போனேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

சோமாலியாவின் வடக்கே தனி நாடாக இயங்கும் சோமாலிலாந்தின் எட்னா அடான் இஸ்மாயிலைப் பற்றிச் சொல்லாமல் இதை எழுத முடியாது, அவரும் மிட்வைஃப் என்பதால் எனக்குக் கூடுதல் நெருக்கம். 1937-ல் ஹர்கெய்சாவில் பிறந்தவர். அப்பா டாக்டர். எட்னாவுக்கு எட்டு வயதிருக்கும்போது, அப்பா ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, அம்மாவும் பாட்டியும் ஏற்பாடு செய்து வெட்டிவிட்டார்கள். அப்பா திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் கோபத்தில் கத்தினார், அழுதார். பெரியவர்கள் எல்லாரும் இது நல்லது என்று சொன்னபோது, அப்பாவின் அந்தக் கண்ணீர்தான் இது தப்பு என்று தனக்குச் சொன்னது என்று எட்னா பல இடங்களில் பேசியிருக்கிறார். 1950-களில் பிரிட்டனுக்கு வந்து தாதியாகவும் மிட்வைஃபாகவும் படித்தார். 1976 முதல் இதை எதிர்த்து மேடையில் பேசுகிறார். கேட்டவர்கள் வெட்கத்தில் தலைகுனிந்த காலம் அது. 2002-ல் தன் சேமிப்பை எல்லாம் போட்டு ஹர்கெய்சாவில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியைத் திறந்தார். அங்கே மிட்வைஃப்களைப் பயிற்றுவித்து ஊர் ஊராக அனுப்புகிறார்.

எட்னாவின் அம்மா கொடுமைக்காரி இல்லை. மகளுக்கு நல்ல இடத்தில் கல்யாணம் ஆக வேண்டும், ஊர் பழிக்கக் கூடாது என்று நினைத்த சாதாரண அம்மா. நான் பார்த்த சோமாலிய, சூடானிய, எரித்திரியப் பெண்கள் எல்லாருமே தங்கள் அம்மாவைப் பற்றி அன்போடுதான் பேசுகிறார்கள். “அம்மா எனக்காக அழுதுகொண்டே பிடித்தாள்” என்று ஒருத்தி சொன்னாள். இந்த ஒரு விஷயத்தை வெளியே இருந்து பார்ப்பவர்கள் புரிந்துகொள்வதில்லை. இவர்களைக் காட்டுமிராண்டிகள் என்று ஏசினால், அந்தப் பெண்கள் தங்கள் அம்மாவைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொள்வார்கள். யார்தான் பெற்றவளை விட்டுக்கொடுப்பார்கள்?

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட இடம் என்று எனக்குத் தோன்றுவது செனகல்.

மோலி மெல்ச்சிங் என்ற அமெரிக்கப் பெண் 1974-ல் மாணவியாகச் செனகலுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டவர். 1991-ல் ‘டோஸ்டன்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். வொலோஃப் மொழியில் அது, முட்டை பொரிந்து குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருவதைக் குறிக்கும் சொல். அவர்கள் ஊருக்குப் போய் “வெட்டாதீர்கள்” என்று பிரசாரம் செய்யவில்லை. பெண்களை அவர்கள் தாய்மொழியில் உட்காரவைத்து எழுத்து, கணக்கு, கிருமி எப்படிப் பரவுகிறது, உடம்பு எப்படி வேலை செய்கிறது, மனித உரிமை என்றால் என்ன என்று நிதானமாகக் கற்பித்தார்கள். ‘சிதைப்பு’ என்ற சொல்லையே தவிர்த்தார்கள். மலிகுண்டா பம்பாரா என்ற ஊரில், வகுப்பில் இந்தப் பேச்சு வந்தபோது முதலில் பெண்கள் வாயே திறக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினார்கள். நாடகமாக நடித்துப் பார்த்தார்கள். கணவர்களிடம், ஊர்த் தலைவரிடம், இமாமிடம் போனார்கள். 1997 ஜூலை 31 அன்று பத்திரிகைக்காரர்களை அழைத்து, இனி எங்கள் ஊரில் இது கிடையாது என்று அறிவித்தார்கள்.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு முக்கியம். பக்கத்து ஊர்களில் கொந்தளித்தார்கள். அந்தரங்கமான விஷயத்தை டி.வி.க்காரர்கள் முன்னால் போட்டு உடைத்துவிட்டார்களே என்று. அந்தப் பகுதியில் வெட்டப்படாத பெண்ணை ‘பிலாகோரோ’ என்பார்கள். அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. பிலாகோரோ சமைத்தால் சாப்பிட மாட்டார்கள். அப்படியிருக்க ஒரு ஊர் மட்டும் நிறுத்தினால், அந்த ஊர்ப் பெண்ணை அடுத்த ஊரில் யார் கட்டுவார்கள்?

அப்போதுதான் டெம்பா டியாவாரா வருகிறார். கேர் சிம்பாரா என்ற ஊரின் இமாம், வயதானவர். ஆரம்பத்தில் இந்தப் பேச்சே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கேட்டுப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்று டாக்டரிடம் கேட்டார், மார்க்க அறிஞர்களிடம் கேட்டார், கடைசியாகத் தன் வீட்டுப் பெண்களிடமே கேட்டார். பெண்கள் சொன்னதைக் கேட்டு மனம் மாறினார். மாறியதும் மோலியிடம் வந்து சொன்னது இதுதான்: ஒரு ஊர் தனியாக முடிவெடுக்க முடியாது. பெண் கொடுத்து பெண் எடுக்கும் உறவு ஊர்கள் எல்லாம் சேர்ந்துதான் எடுக்க முடியும். ஏச்சும் பயமுறுத்தும் படமும் இல்லாமல் மரியாதையாகப் பேச வேண்டும். சொல்லிவிட்டு, அவரே உறவு ஊர்களுக்கு ஒவ்வொன்றாக நடந்து போனார். உட்கார்ந்து பேசினார். சில இடங்களில் முகம் கொடுக்கவில்லை. மறுபடியும் போனார். 1998 பிப்ரவரியில் டியாபுகு என்ற இடத்தில் 13 ஊர்களின் ஆட்கள் கூடி ஒன்றாக அறிவித்தார்கள்.

சம்பந்தம் செய்கிற வட்டம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் சீதனம் ஏன் இன்னும் போகவில்லை? “எங்களுக்கு வேண்டாம், ஆனால் ஊர் என்ன சொல்லும்” என்று எல்லாரும் சொல்வதால்தான். அதே பூட்டு. டெம்பா டியாவாரா அந்தப் பூட்டுக்கு ஒரு சாவி தனியாகத் திறக்காது, எல்லாச் சாவியும் ஒரே நேரத்தில் திரும்ப வேண்டும் என்று கண்டுபிடித்தவர்.

ஜெரி மேக்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் 1996-ல் எழுதிய கட்டுரையிலும் இதே கருத்து இருந்தது. சீனாவில் சிறுமிகளின் பாதத்தைக் கட்டி ஒடுக்கும் வழக்கம் பல நூற்றாண்டு நீடித்து, பின்பு ஏறக்குறைய ஒரே தலைமுறையில் மறைந்தது. எப்படி? சங்கம் அமைத்தார்கள். என் மகளின் பாதத்தைக் கட்ட மாட்டேன், பாதம் கட்டிய பெண்ணை என் மகனுக்கு எடுக்கவும் மாட்டேன் என்று பெற்றோர் சேர்ந்து வாக்குக் கொடுத்தார்கள். இரண்டாவது வாக்கு இல்லாமல் முதலாவது நிற்காது. இந்த இமாம் அந்தக் கட்டுரையைப் படித்தவர் இல்லை. தன் ஊர்க் கல்யாணங்களைப் பார்த்தே அதே முடிவுக்கு வந்திருந்தார்.

இன்றுவரை ஆப்பிரிக்காவில் 8,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் டோஸ்டன் வழியில் இப்படிப் பொதுவில் அறிவித்திருக்கின்றன. அறிவித்த எல்லா வீட்டிலும் மறுநாளே நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஒளித்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நிறுத்த நினைக்கிற அம்மாவுக்கு “ஊரே சொல்லிவிட்டது” என்று காட்ட ஒரு ஆதாரம் கிடைத்திருக்கிறது.

சூடானில் சொல்லிலிருந்தே தொடங்கினார்கள். அங்கேயும் வெட்டப்படாத பெண்ணுக்கு ஒரு வசைச்சொல் மட்டும்தான் இருந்தது, ‘கல்ஃபா’. 2008-ல் ‘சலீமா’ என்ற பெயரை முன்வைத்து ஒரு இயக்கம் எழுந்தது. சலீமா என்றால் முழுமையானவள், குறையில்லாதவள், படைத்தவன் படைத்தபடி இருப்பவள். பெண்ணுக்கு வைக்கும் பெயரும்கூட. பாட்டு, ஆரஞ்சு நிறச் சேலைத் துணி என்று அது பரவியது. 2020-ல் அங்கே இதைக் குற்றமாக்கும் சட்டமும் வந்தது. திட்டுவதற்கு மட்டுமே சொல் இருக்கிற மொழியில் ஒரு அம்மா எதைச் சொல்லி மகளைக் காப்பாள்?

சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டால், கட்டாயம் வேண்டும். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்குக் காம்பியா சாட்சி. 2015-ல் அன்றைய ஜனாதிபதி யஹ்யா ஜம்மே ஒரே அறிவிப்பில் தடை செய்தார், அந்த ஆண்டு முடிவதற்குள் சட்டமும் ஆனது. எட்டு வருஷம் கழித்து, 2023 ஆகஸ்ட்டில்தான் முதல் தடவையாக மூன்று பெண்களுக்குத் தண்டனை கிடைத்தது, குழந்தைகளை வெட்டியதற்கு அபராதம். உடனே ஒரு மதத் தலைவர் பணம் திரட்டி அந்த அபராதத்தைக் கட்டினார். அதோடு நிற்கவில்லை, சட்டத்தையே எடுத்துவிட வேண்டும் என்று மசோதா வந்தது. 2024 மார்ச்சில் அதை மேலே கொண்டுபோக நாடாளுமன்றத்தில் 42 பேர் வாக்களித்தார்கள். எதிர்த்தவர்கள் 4 பேர். அந்த நாள்களில் செய்தியைப் பார்த்துவிட்டு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை. ஜஹா டுக்குரே போன்ற, தாங்களே வெட்டப்பட்ட பெண்கள், உறுப்பினர்களை ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினார்கள். டாக்டர்கள் போய் விளக்கினார்கள். ஜூலை 15 அன்று மசோதா தோற்றது. நான்கே மாதத்தில் அத்தனை பேரின் மனம் மாறியது, யாரோ போய் உட்கார்ந்து பேசியதால்தான்.

எகிப்தில் வேறு விதமான சிக்கல். அங்கே இதை இப்போது பெரும்பாலும் டாக்டர்களே செய்கிறார்கள். சுத்தமான கத்தி, மயக்க ஊசி, ரசீது. 2013-ல் 13 வயதுச் சிறுமி ஒருத்தி அப்படி ஒரு டாக்டரின் கையில் செத்துப்போனாள். அந்த டாக்டர்தான் 2015 ஜனவரியில் அந்த நாட்டில் இதற்காகத் தண்டிக்கப்பட்ட முதல் டாக்டர். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு செய்தால் ஆபத்தில்லை என்ற எண்ணம்தான் என்னைப் போன்றவர்கள் முதலில் பிடுங்க வேண்டிய ஆணி.

கென்யாவைப் பார்த்தால் நம்பிக்கை வருகிறது. 1998-ல் 38 சதவீதம் பெண்கள் வெட்டப்பட்டிருந்தார்கள், 2022-ல் 15 சதவீதம். சோமாலியாவைப் பார்த்தால் இன்னும் 99. மக்கள்தொகை கூடுகிற வேகத்தில், சதவீதம் குறைந்தாலும் தலை எண்ணிக்கை கூடுகிறது. 2030-க்குள் ஒழிப்போம் என்று ஐ.நா. வைத்த இலக்கை எட்ட இப்போதைய வேகம் 27 மடங்கு கூட வேண்டும் என்கிறது யுனிசெஃப்.

சரி, ஆசியாவின் 8 கோடிக்கு வருகிறேன்.

அந்த சோமாலியப் பெண்ணுக்குப் பிறகு நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன். கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு, நேராகப் பார்த்து, “சில குடும்பங்களில் பெண் குழந்தைக்குச் சின்ன வயதில் கீழே ஏதாவது செய்வார்கள். உங்கள் வீட்டில் உண்டா?” என்று கேட்பேன். தமிழ்ப் பெண் வந்தால் தமிழிலேயே கேட்பேன். உண்மையைச் சொன்னால், தமிழில் கேட்கும்போது பதிலை எதிர்பார்த்துக் கேட்டதில்லை. விதி என்பதால் கேட்டேன்.

ஒரு நாள் கிழக்கிலங்கையிலிருந்து வந்த முஸ்லிம் பெண். என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்து, கதிரையை இழுத்து நெருங்கி உட்கார்ந்தாள். கேள்வி வந்தது.

“அப்படி வெட்டுறதெல்லாம் இல்ல அக்கா. கத்னா மட்டும்தான்.”

என் கை கீபோர்டில் அப்படியே நின்றுவிட்டது. கத்னா என்றால் என்ன செய்வார்கள் என்று கேட்டேன்.

“நாப்பதாம் நாள் ஒஸ்தா மாமி வருவா. பிள்ளைக்கு முடி இறக்கி, குளிப்பாட்டி, அப்ப செய்யிறது. சும்மா ஒரு துளி ரத்தம். எல்லாப் பொம்புளப் பிள்ளைக்கும் செய்வாங்க.”

“உங்களுக்கு எவ்வளவு வெட்டினவை என்று தெரியுமா?”

“நாப்பது நாள் பிள்ளைக்கு என்னக்கா ஞாபகம்? உம்மாதான் சொன்னா, ஒரு துளிதான் எண்டு.”

“உம்மா பார்த்தவவா?”

யோசித்தாள். “இல்ல. உம்மா மற்றப் பக்கம் திரும்பிக்கிட்டு நிண்டாவாம். பார்க்க ஏலாதாம்.”

இதைச் சொல்லிவிட்டு அவளே கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பேசவில்லை.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். 1990 அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்படும்வரை, எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி அவர்கள் வீடுகள். என் வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் ஒரு முஸ்லிம் பிள்ளை. பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவருவாள். அவர்கள் போன அன்று நாங்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருந்தோம். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்த நான், இன்னொரு சமூகத்தின் வழக்கத்தைத் தமிழில் எழுதுவதற்கு முன் பல தடவை யோசித்தேன். 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு இலங்கையில் முஸ்லிம் என்றாலே சந்தேகத்தோடு பார்த்த காலத்தில், சொந்த வீட்டுக் குறையை வெளியே சொல்ல அந்தப் பெண்கள் எவ்வளவு தயங்கியிருப்பார்கள் என்பதும் புரிகிறது. அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உலகின் பெரும்பாலான முஸ்லிம்களிடம் இந்த வழக்கம் இல்லை. எகிப்திலும் எத்தியோப்பியாவிலும் கிறிஸ்தவர்களும் செய்திருக்கிறார்கள். 2007-ல் எகிப்தில் ஒரு சிறுமி இறந்தபோது, கெய்ரோவின் அல்-அஸ்ஹர் மார்க்க அறிஞர்களே இதற்கு மார்க்கத்தில் அடிப்படை இல்லை என்று அறிவித்தார்கள். இலங்கையில் இதை முதலில் வெளியே பேசியதும் முஸ்லிம் பெண்கள்தான். மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா 2008-ல் இது கடமை என்று தீர்ப்புச் சொல்லியிருந்த நிலையிலும், அந்தப் பெண்கள் தங்கள் கதையைச் சொல்ல முன்வந்தார்கள். 2018-ல் சுகாதார அமைச்சு, மருத்துவத் துறையினர் யாரும் இதைச் செய்யக் கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியது. ஒஸ்தா மாமியை அந்தச் சுற்றறிக்கை எட்டாது.

அன்று அந்தப் பெண்ணிடம், ஒரு துளியும் கணக்கில் வரும் என்று விளக்கினேன். நான்காம் வகை, சில நேரம் முதல் வகை. பிறக்கப்போவது பெண்ணென்றால் நான் இதைப் பதிந்து, குழந்தைப் பாதுகாப்பைப் பார்க்கும் மிட்வைஃபுக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவள் முகம் மாறியது. கதிரை பின்னால் நகர்ந்தது. “போலீஸ் வருமா?” என்றாள். இந்த வேலையில் எனக்கு மிகவும் கடினமான நிமிஷம் இதுதான். அக்கா என்று நெருங்கியவள் என்னை அதிகாரியாகப் பார்க்கிற நிமிஷம். போலீஸ் உன்னைத் தேடி வராது, நீ தனியாக “மாட்டேன்” என்று சொல்ல வேண்டிய பாரத்தைக் கொஞ்சம் நாங்களும் தூக்கத்தான் இது என்றேன். அரசாங்கம் அச்சடித்த ஒரு சின்னக் கடிதம் உண்டு, பாஸ்போர்ட்டுக்குள் வைக்கிற அளவு. இதைச் செய்தால் பிரிட்டனில் சிறைத்தண்டனை, வெளிநாட்டுக்குக் கூட்டிப்போய்ச் செய்தாலும் குற்றம் என்று எழுதியிருக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும் குடும்பங்கள் பாட்டியிடம் காட்டுவதற்காகவே அது. ஒன்றை அவளிடம் கொடுத்தேன். வாங்கிப் பையில் வைத்தாள். வீட்டுக்குப் போய்க் கிழித்துப் போட்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு வந்தபோது அவளே பேச்சை எடுத்தாள். ஊரில் இருக்கும் மூன்று அக்காமாருக்கும், இரண்டு மச்சிமாருக்கும் போன் போட்டுக் கேட்டாளாம், உங்களுக்கு என்ன செய்தார்கள் தெரியுமா என்று. யாருக்கும் தெரியவில்லை. மூத்த அக்கா மட்டும் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் கடைசி மகளுக்குச் செய்த அன்று ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியதை முதல் தடவையாகச் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்கு வேறு வருத்தம் என்று குடும்பத்தில் சொல்லி வைத்திருந்த கதை. ஒரு மச்சி கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள், இன்னும் பேசவில்லை. மற்ற இரண்டு அக்காமாரும் தங்கள் மகள்மாருக்குப் பிள்ளை பிறந்தால் செய்ய விட மாட்டோம் என்றார்களாம். “நீ உன்ட பிள்ளைக்குச் செய்யாட்டி நாங்களும் உம்மாக்குச் சொல்லலாம்” என்று. மலிகுண்டாவும் டெம்பா டியாவாராவும் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

பெண் குழந்தைதான் பிறந்தது. பிரசவம் பார்க்க ஊரிலிருந்து உம்மா வந்திருந்தார். வார்டில் என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பத்து நாளில் அவர்கள் என் பொறுப்பிலிருந்து சுகாதாரத் தாதியின் பொறுப்புக்குப் போய்விட்டார்கள். நாற்பதாம் நாள் எப்போது வருகிறது என்று நான் என் கலண்டரில் குறித்து வைத்திருந்தேன். செய்யக் கூடாததுதான், ஆனாலும் குறித்தேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

மூன்று வாரம் கழித்து ஈஸ்ட் ஹாமில் ஒரு தமிழ்க் கடை. முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கிறேன், “அக்கா” என்று குரல். தள்ளுவண்டியில் குழந்தை தூங்குகிறது, கம்பளித் தொப்பி போட்டு. உம்மா அந்தப் பக்கம் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை. கடையில் வைத்துக் கேட்கிற கேள்வியா அது? அவள்தான் குனிந்து, தொப்பியை மெதுவாகக் கழற்றிக் காட்டினாள். மொட்டைத் தலை, முட்டை மாதிரி.

“முடி மட்டும்தான் அக்கா இறக்கின.”

உம்மா திரும்பிப் பார்த்தார். வந்து, மகளின் கையிலிருந்து தொப்பியைப் பிடுங்கி, “குளிர்ல என்னத்துக்குக் கழட்டுறா” என்று முணுமுணுத்துக்கொண்டே, குழந்தையின் இரண்டு காதும் மூடும்படி இழுத்துப் போட்டுவிட்டார்.